வெட்டுமுறை

மாசியில் மழை வராதென்று
முத்தையன்கட்டில் ஒருவரும் சத்தியம் பண்ணுவதில்லை.
சாம்பல் புதன் பூசை முடிந்து
வாசல் தாண்ட முன்னமே
நெற்றிச் சாம்பல் தூறலில் கரைந்து மூக்கால் வழிந்தது.
எனக்கு மூன்று ஏக்கர் ஆட்டக்காரி,
விளைந்து, தலை சாய்ந்து.
வாய்க்கால் நெடுக எல்லோருக்கும் அப்படித்தான்.
மெசின் ஒன்றே ஒன்று.

முறைக் கொப்பியில் முதற்பெயர் என்னுடையது.
கொப்பி எழுதினவனும் நான்.
பங்குச் சபைத் தலைவர், கமக்கார அமைப்பின் பொருளாளர்,
கோயிலில் முன் வாங்கு, மின்விசிறிக்கு நேர் கீழே.
ஆண்டவரே, முதலாவதாக இருப்பது
பாவமென்றுகூட எனக்குத் தோன்றவில்லை;
தேய்ந்த செருப்புக்குள் கால் தானாய்ப் போவதுபோல.

பதினேழாவது, கடைசிப் பெயர், செபமலர்.
அரை ஏக்கர். குத்தகை.
வாய்க்காலின் வால்; தண்ணீரும் அங்கே
எங்கள் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் போகும்.
போன போகம் யானை உழக்கினதற்கு
நட்டஈட்டுப் படிவம் நிரப்பித் தரக் கேட்டு வந்தாள்.
நாளைக்கு வா என்றேன்.
எத்தனை நாளை என்று உமக்குத் தெரியும்.

அன்றிரவு காட்டுப்பக்கமாய் வானம் மின்னியது.
கட்டிலில் கிடந்தபடியே செபம் சொன்னேன்.
'உம்முடைய சித்தம்' என்ற இடத்தில்
நாக்கு தட்டுப்பட்டது, சோற்றில் கல்போல.
ஐம்பத்தெட்டு வருசம் மெல்லாமல் விழுங்கின சொல்.
என் நெல்லைக் காப்பாற்றும் என்பதைத்தான்
அத்தனை காலமும் அந்தச் சொல்லால் சொல்லியிருக்கிறேன்.

விடிய, பாலைமரத்தடியில்
மெசினுக்குள் சுருண்டு கிடந்த குகதீபனைத் தட்டி எழுப்பி
முதலில் வாலுக்குப் போ என்றேன்.
"உங்கட முறையெல்லோ அண்ணை?"
என்ர இன்னும் பச்சை, என்றேன்.
பொய்.
உம்முடைய காரியத்துக்கு என் பொய் எதற்கு?
வேறு சொல் வரவில்லை, மன்னியும்.

முக்கால் மணித்தியால வேலை.
திரும்பி வரும் வழியில் மதகடிச் சேற்றில்
மெசின் அச்சுவரை புதைந்தது.
பத்தரைக்கு மழை தொடங்கியது.
மூன்று நாள்.
நாலாம் நாள் பார்த்தேன்,
படுத்த கதிர் படுத்தபடியே முளைத்திருந்தது,
வெள்ளை வெள்ளையாய், பால்பற்கள்போல.

புளோரன்ஸ் கேட்டாள்,
மெசின் ஏனப்பா வாலுக்குப் போனது?
கொப்பியில் பிழை, என்றேன்.
அது மட்டும் பொய்யில்லை.

ஞாயிறு பூசை முடிய
செபமலர் ஒரு சேவலைக் கால் கட்டிக் கொண்டுவந்து
குகதீபன் கையில் கொடுத்தாள்.
நல்லா இரு தம்பி, என்றாள்.
பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, வாங்கிக்கொண்டான்.
மூன்று ஏக்கர் போனது வலிக்கவில்லை என்றால்
அது அடுத்த பொய்.
ஆனாலும் அந்தச் சேவல்தான், ஆண்டவரே,
அந்தச் சேவல்தான் என் தொண்டைக்குள் நின்று கூவியது.
நான்தான், நான்தான் என்று.
பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கடைசி வாங்கில் போய் இருந்தேன்,
ஏன் பின்னுக்கு என்று
யாராவது கேட்பார்கள் என்று.
ஒருவரும் கேட்கவில்லை.
அங்கிருந்து பீடம் தெரியாது, தூண் மறைக்கும்.
தெரிந்தது குதிக்கால்கள்.
முழந்தாளில் நின்றவர்களின் வெடித்த குதிக்கால்கள்,
வெடிப்புக்குள் வாய்க்கால் சேறு.
எல்லாம் இத்தனை வருசமும்
என் முதுகுக்குப் பின்னால் இருந்தவை.
நற்கருணைக்கு எழும்பக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வங்கிக்காரர் வருவார்.
அவருக்கு என்ன சொல்வதென்று பிறகு பேசுவோம்.
இப்போது கொப்பி.
சிறுபோகத்துக்கு அதை
வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும்.
யாரென்று நீரே சொல்லும்.
என்னைக் கேட்டால்
இப்பவும் என் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது.